ஓர்ஹூஸில் இன்று வெயில்

என் வீட்டுக்காரன் ஹானுஸ் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்களிடமெல்லாம் அவனும் இதைத்தான் முதலில் சொல்கிறான். எங்கள் ஒரே மகள் ரன்வா இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு விமான நிலையத்தின் சோதனை வாசலுக்கு அந்தப் பக்கம் மறைந்தபோது அவன் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அவ்வளவுதான். ஃபாரோ தீவுகளில் வருஷத்துக்கு முந்நூறு நாள் மழை பெய்கிறது. மீதி நாள்களில் மழை வரப்போகிறது. இங்கே தூசியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெளிநாடுதான் போக வேண்டும். ஆனாலும் அன்றைக்கு ஒரு துகள் எங்கிருந்தோ கிளம்பி வந்து, அத்தனை கூட்டத்தில் ஹானுஸை அடையாளம் கண்டுபிடித்து, இரண்டு கண்ணிலும் விழுந்தது.

"துடைச்சுக்கோ" என்று கைக்குட்டையை நீட்டினேன்.

"எதை?" என்றான்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் மூக்கொழுக உட்கார்ந்திருந்தவர்கள். அதனால் எனக்கு அவன் இன்னும் அவன்தான். ஊருக்குத்தான் பஸ் டிரைவர் ஹானுஸ்.

ரன்வா போனது டென்மார்க்குக்கு, ஓர்ஹூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு. எடுத்த பாடம் நிலவியல். அதாவது பாறைகளைப் பற்றிப் படிக்க. எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் எண்ணூறு மீட்டர் உயரத்துக்குப் பாறை நிற்கிறது. முன் கதவைத் திறந்தால் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் மறுபடி பாறை. சில வருஷங்களில் அதுவே எங்களைத் தேடிச் சாலை வரைக்கும் உருண்டு வரும். இத்தனையையும் விட்டுவிட்டு, மொத்த நாட்டையும் உருட்டுக்கட்டையால் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கும் இடத்துக்கு என் மகள் பாறையைப் படிக்கக் கிளம்பினாள். டென்மார்க்கின் மிக உயரமான இடத்துக்கு எங்கள் வீட்டு ஆடு மூச்சு வாங்காமல் ஏறி இறங்கும்.

"அம்மா, பாறை எங்க இருக்குங்கறதுக்கும் படிப்பு எங்க இருக்குங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள்.

பத்தொன்பது வயதில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். எனக்கும் இருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஹானுஸ் கிளாக்ஸ்விக் நகரத்துக்கும் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறான். ஒரு நாளைக்கு நான்கு நடை. கூட்டம் அலைமோதும் நாளில் ஒன்பது பேர் ஏறுவார்கள். அவன் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு மைக் உண்டு. இருபது வருஷத்தில் அதை அவன் இரண்டே முறைதான் தொட்டிருந்தான். ஒருமுறை சாலையில் பாறை விழுந்ததைச் சொல்ல, ஒருமுறை ரன்வா பிறந்ததைச் சொல்ல. அவள் போன மறுநாள் காலை ஏழு மணி நடையில் மூன்றாவது முறையாகத் தொட்டான்.

"ஓர்ஹூஸில் இன்று பதினெட்டு டிகிரி. மேற்கிலிருந்து லேசான காற்று. வெயில்."

பஸ்ஸில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். மீன் தொழிற்சாலைக்குப் போகும் மாலான் முன் வரிசையில். அவள்தான் எனக்கு இதைச் சொன்னாள், அன்று மாலையே, வேலை மெனக்கெட்டு வீட்டுக்கு வந்து.

"நல்ல சேதி, ஹானுஸ்னு சொன்னேன். இங்க பஸ்ஸே காத்துல சாயுதே, அதைப் பத்தி ஏதாச்சும் தகவல் உண்டான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"நம்ம காத்துதான் ஜன்னல்லயே தெரியுதே, அதை எதுக்கு மைக்ல சொல்லணும்கறான்!"

இது இரண்டு வாரம் நடந்தது. பிறகு பஸ் கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயணிகள் தாங்கள் வசிக்கும் இடத்தின் வானிலையை அறியவும் ஆர்வமாக உள்ளனர் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஹானுஸ் சட்டத்தை மதிக்கிறவன். மைக்கைத் தொடுவதை அன்றோடு நிறுத்தினான். அதற்குப் பதிலாக, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ரன்வாவுக்குக் காலையில் ஒரு செய்தி, மதியம் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று என்று மருந்து மாதிரி அனுப்புவான். அவளிடமிருந்து பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வரும். அதை இவன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்வான்.

"நேத்து கட்டைவிரலோட ஒரு சிரிப்பு மூஞ்சியும் இருந்துது. இன்னைக்கு வெறும் விரல்."

"அவசரமா இருந்திருப்பா."

"சிரிக்கறதுக்கு எவ்ளோ நேரமாகும், மார்யுன்?"

நான் அப்படியில்லை. நான் நிதானமானவள். பிள்ளைகள் வளர்வார்கள், போவார்கள், அதற்குத்தான் வளர்க்கிறோம் என்று மாலானிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். தினமும் ஒரு தடவை ரன்வாவின் அறைக்குப் போய் வருவேன், ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க. ஆகஸ்டிலிருந்து அது சாத்தித்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு பொறுப்பு இருக்கிறதல்லவா. போனதும் போனோம் என்று கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அது ஜன்னலோடு சேர்ந்ததுதான்.

அக்டோபரில் எங்கள் ஊரில் ஆடு அடிக்கும் காலம். மலையிலிருந்து மந்தையை இறக்கி, அடித்து, உரித்து, குளிர்காலத்துக்கு இறைச்சியைக் காற்றில் தொங்கவிடும் வேலைக்கு வீட்டில் ஒரு ஆள் குறையக்கூடாது. ரன்வாவுக்கும் அந்த வாரம் கல்லூரி விடுமுறை. ஆனால் அவள் வரவில்லை. 'படிக்கணும். நல்லா இருக்கேன்' என்று எழுதிவிட்டாள். கூடவே ஒரு போட்டோ: அவள் முகம், பின்னால் சுவர்.

ஹானுஸ் அந்தப் போட்டோவை முன்பு வந்த மூன்று போட்டோக்களோடு மேஜையில் வரிசையாக வைத்துக் காட்டினான். பழையவற்றைக் கிளாக்ஸ்விக்கில் கொடுத்து அச்சடித்தே வாங்கியிருந்தான்.

"பாத்தியா?"

"என்னத்த?"

"நாலுலயும் ஒரே ஸ்வெட்டர். நாலுலயும் ஒரே சுவர். வெளிய போன பொண்ணா இது?"

கிண்டல் பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு நானும் குனிந்து பார்த்தேன். ஸ்வெட்டர் நான் பின்னியது. இடது கையில் நூல் பிரிந்திருந்தது. ஒவ்வொரு போட்டோவிலும் ஒரு வரிசை கூடுதலாகப் பிரிந்திருந்தது.

"குளிர்கால டயர் மாத்தணும்" என்றான் ஹானுஸ், திடீரென்று.

"கிளாக்ஸ்விக்ல மாத்து."

"டென்மார்க்ல விலை கம்மி."

நான்கு டயருக்காக ஒரு கார், கப்பலில் ஒன்றரை நாளுக்கு மேல் பயணம், அங்கே நான்கு நாள் தங்கல், மறுபடி ஒன்றரை நாள். இந்த லாபத்தை யார்தான் விடுவார்கள்? தனியாக விட்டால் இவன் ஏதாவது ஏடாகூடமாகச் செய்துவைப்பான், தடுக்க ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் நானும் கிளம்பினேன். கிளம்பியதுதான் கிளம்பினோம் என்று கொஞ்சம் சாப்பாடு கட்டினேன். ஆளுக்குப் பத்து கிலோ இறைச்சி கொண்டுபோகலாம் என்கிறது சட்டம். நாங்கள் இரண்டு பேர். அதற்கு மேல் மீன் உருண்டை, ரூபார்ப் தண்டில் செய்த ஜாம் எட்டு பாட்டில், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.

"டென்மார்க்ல உருளைக்கிழங்கு கிடைக்காதா?" என்று கேட்டான் ஹானுஸ்.

"கிடைக்கும். அது டென்மார்க் உருளைக்கிழங்கு."

ஹானுஸின் அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா எல்லோரும் கடலில் மீன் பிடித்தவர்கள். அந்த வம்சத்தில் வந்தவன் கப்பல் துறைமுகத்தைத் தாண்டிய பத்தாவது நிமிடம் படுத்தவன், டென்மார்க் கரை தெரிந்ததும்தான் எழுந்தான். காரை இறக்கித் தெற்கே ஓட்டத் தொடங்கினோம். வயல், வயல், ஒரு பண்ணை, மறுபடி வயல். ஹானுஸ் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓட்டினான்.

"எங்க பாத்தாலும் வானமா இருக்கு" என்றான். "இந்த ஊர்க்காரங்க எதுல சாஞ்சு நிப்பாங்க?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்களும் டேனிஷ் பேசுவோம், பள்ளிக்கூடத்தில் படித்த டேனிஷ். புத்தகத்தில் இருக்கிற அத்தனை எழுத்தையும் ஒன்று விடாமல் உச்சரிப்போம். டேனிஷ்காரர்கள் அப்படியில்லை. வார்த்தையில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை மெல்லுவார்கள். நாம் பேசினால் அவர்களுக்குப் பிரசங்கம் கேட்பதுபோல இருக்கும். அவர்கள் பேசினால் நமக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டோமோ என்று இருக்கும்.

மாணவர் விடுதியில் மூன்றாவது மாடி. ஒரு நீளமான நடை, இரண்டு பக்கமும் பன்னிரண்டு அறை, கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அங்கே கால்சட்டை முட்டியில் கிழிந்த ஒரு பையன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அஸ்கர் என்று பெயர்.

"வணக்கம்" என்றான் ஹானுஸ், தன் மேடை டேனிஷில். "நாங்கள் ரன்வா என்னும் மாணவியின் பெற்றோர்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று கூற முடியுமா?"

பையன் ரொட்டியோடு நிமிர்ந்தான். "ரன்... யாரு? ஓ, ஒம்பதாம் நம்பரா? அந்த ஐஸ்லாந்துப் பொண்ணு?"

ஹானுஸின் காது சிவந்தது. ஐஸ்லாந்து என்று யாராவது சொன்னால் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுகிறவன் அவன்.

"ஃபாரோ" என்றேன் நான், அவன் வாயைத் திறப்பதற்குள்.

"ஆமா ஆமா, சாரி. இப்ப லைப்ரரில இருப்பான்னு நினைக்கறேன். எனக்குச் சரியாத் தெரியாது. அவ ரொம்ப அமைதி. தட்ட எடுத்துட்டு ரூமுக்குப் போயிடுவா. வியாழக்கிழமை எல்லாரும் சேந்து சமைப்போம், அதுக்கும் வரமாட்டா. நாங்களும் ரெண்டு மூணு தடவ கூப்பிட்டோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு தடவ கூப்பிட்டோம்" என்று திருத்திக்கொண்டான். நல்ல பையன், பொய் சொல்ல வரவில்லை.

பொதுக் குளிர்ப்பெட்டியில் ஒவ்வொரு தட்டுக்கும் பெயர் ஒட்டியிருந்தது. ஹானுஸ் திறந்து தேடினான். ரன்வா என்பதைத் தப்பாக 'ரான்யா' என்று எழுதியிருந்த தட்டில் ஒரு பால் பாக்கெட்டும் பாதி வெங்காயமும் இருந்தன. என்னவோ சவப்பெட்டியைத் திறந்தவன் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பெயரைக்கூட இவள் திருத்தவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் ஊர்த் தேவாலயத்தில் பாதிரியார் அவள் பெயரை இழுத்துச் சொன்னார் என்பதற்காக ஏழு வயதிலேயே எழுந்து நின்று திருத்தியவள் அவள்.

மனசு சரியில்லாதபோது ஹானுஸ் எதையாவது கழற்றுவான். குளிர்ப்பெட்டிக் கதவு ஆடுகிறது என்று கண்டுபிடித்தான். அஸ்கரிடம் திருப்புளி கேட்டான், அஸ்கர் வெண்ணெய்க் கத்தியைக் கொடுத்தான். நான் உருளைக்கிழங்கை உரித்து, கொண்டுவந்த இறைச்சியோடு அடுப்பில் வைத்தேன். அரை மணி நேரத்தில் இறைச்சி வாசனைக்கு ஒவ்வொரு அறையாகக் கதவு திறந்து, ஏழு பேர் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹானுஸ் தரையில் படுத்து அவர்கள் சாக்கடைக் குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ஒரு பெண் அவனுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு மணி நேரத்தில் என் கணவன் நன்றாகவே காலூன்றிவிட்டான்.

அப்போதுதான் ரன்வா வாசலில் வந்து நின்றாள்.

தோளில் பை, அதே ஸ்வெட்டர். என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலைப் பார்த்தாள்.

"இங்க என்ன பண்றீங்க?" என்றாள், எங்கள் பாஷையில்.

தொட்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "டயர் வாங்க வந்தோம்."

"மூணாவது மாடிக்கா?"

அவள் அறைக்குப் போனோம். கட்டிலில் நாங்கள் இருவரும், நாற்காலியில் அவளும் உட்கார்ந்தால் மூச்சு விட மிச்சம் இடம் இல்லாத அறை. கதவைச் சாத்திக்கொண்டு கத்தினாள். அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"நல்லா இருக்கேன்னு எழுதினேன் இல்ல?"

"எழுதினே" என்றான் ஹானுஸ்.

"நல்லா இல்லைன்னு எழுதினா வந்து நிப்பீங்கன்னுதான் நல்லா இருக்கேன்னு எழுதினேன். அதுக்கும் வந்து நிக்கறீங்க! நான் வேற என்னதான்ப்பா எழுதறது?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர்கள் பேசுவது புரிவதில்லை. மறுபடி சொல்லு என்று கேட்டால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள், அது இன்னும் அவமானம். அவள் பேசினால் அழகாக இருக்கிறதாம். பாடத்தில் ஒரு கேள்வி கேட்டாள், அழகாக இருக்கிறது என்றார்கள், கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் ஊரில் சாலை உண்டா, கார் உண்டா, மரம் உண்டா. மரம் இல்லை என்று சொல்லிவிட்டாள், அதற்கு ஒரு வாரம் அனுதாபம் தெரிவித்தார்கள். முதல் தேர்வில் தேறவில்லை. வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் கட்டிப் பார்ப்பதில் மாலைக்குள் களைத்துப்போகிறது. அதனால் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிடுகிறாள்.

ஹானுஸ் கொஞ்ச நேரம் தன் கையில் ஒட்டியிருந்த சாக்கடைக் கறுப்பைப் பார்த்தான்.

"கார்ல இடம் இருக்கு" என்றான். "டயர் இன்னும் வாங்கல."

ரன்வா ஜன்னலைப் பார்த்தாள். அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது, கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தில் நிதானமான தாய் ஒருத்தி, படிப்பை விட்டுவிடாதே கண்ணே என்று சொல்லியிருப்பாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பின் இருக்கையில் இரண்டு பெட்டியும் அவளும் எப்படி உட்கார முடியும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு மூட்டையை விட்டுவிட்டால் தாராளமாக இடம் இருந்தது.

"வெள்ளிக்கிழமை வகுப்புல வெளிய கூட்டிட்டுப் போறாங்க" என்றாள் கடைசியில். "மண்ணு அடுக்கு பாக்க."

"பாறையா?"

"களிமண்."

"களிமண்ணா!" என்றான் ஹானுஸ். அவ்வளவு துக்கத்தை அந்த வார்த்தையில் நான் கேட்டதில்லை.

"போகணும்ப்பா. பனிப்பாறை நகந்து போன தடமெல்லாம் அதுலதான் தெரியும். எனக்கு அதைப் பாக்கணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் இருக்கேன். ஆனா நீங்க இருக்கக்கூடாது. கப்பல் எப்ப?"

"சனிக்கிழமை."

"இன்னைக்குச் செவ்வாய்! சரி. அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்க. இந்த மாடிக்கு வரக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கு வரக்கூடாது. போன் பண்ணக்கூடாது. அப்பா, குழாய்ல பாதி வேலை இருந்தா அப்படியே விட்டுடு."

"தண்ணி ஒழுகுமே."

"ஒழுகட்டும்!"

சத்தியம் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். இறைச்சிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே கூடாரத் திடலில் ஒரு மரக் குடில் எடுத்துத் தங்கினோம். புதன்கிழமை காலை ஹானுஸ் ஒரு யோசனை சொன்னான். இந்த ஊரில் பஸ் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம், தொழில் சம்பந்தமாக. நகரத்தில் எத்தனையோ தடங்கள் ஓடுகின்றன. அவன் தொழில் ஆர்வம் விடுதி வாசலில் நின்று பல்கலைக்கழகம் வழியாகப் போகும் ஒரே ஒரு மஞ்சள் பஸ்ஸின் மேல்தான் விழுந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. மூன்றாவது நடையில் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க இறங்கணும்?"

"இறங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை" என்றான் ஹானுஸ். "நானும் இதே தொழில் செய்பவன்தான்."

அதற்கப்புறம் இருவரும் பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு பட்ட பாட்டையெல்லாம் வரிசையாக நினைத்துக்கொண்டேன். விடுதி வாசல் வந்தால் மட்டும் நினைப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பேன். அன்று முழுக்க அவள் கண்ணில் படவில்லை.

வியாழக்கிழமை நான்கு மணிக்குப் பல்கலைக்கழக நிறுத்தத்தில் ஏறினாள். கூட இரண்டு பெண்கள், இரண்டு பேரும் குதிரை மாதிரி உயரம். ஹானுஸ் பக்கத்து இருக்கைக்காரரின் செய்தித்தாளைப் பிடுங்கி முகத்துக்கு முன்னால் விரித்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் ஒடுங்கினேன். ரன்வா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஒருத்தி ஏதோ கேட்டாள், சோறு வாயில் வைத்திருக்கிற மாதிரி.

"புரியவில்லை. மறுபடி சொல்" என்றாள் ரன்வா.

அவள் மறுபடி சொன்னாள்.

"இன்னும் புரியவில்லை. ஆங்கிலத்தில் வேண்டாம். மெதுவாகச் சொல்."

ஹானுஸ் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து போய் அந்தக் குதிரையிடம் வாயைத் திறந்து பேசு என்று சொல்ல அவன் உடம்பு துடித்தது. ஆனால் எழவில்லை. அந்தப் பெண் மூன்றாவது தடவை, ஒவ்வொரு வார்த்தையாக, சலித்துக்கொள்ளாமல் சொன்னாள். நாளைக்குக் களிமண் குழிக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டுமா என்பதுதான் கேள்வி. வேண்டும் என்றாள் ரன்வா, முழங்கால் வரைக்கும் போட்டுக்கொள், நனைந்த களிமண் காலை விடாது. அப்புறம் ஏன் விடாது என்று விளக்க ஆரம்பித்தாள், அத்தனை எழுத்தையும் உச்சரித்து. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

பதினைந்து நிமிடம். எனக்குத் தெரிந்து ஹானுஸ் எதையும் கழற்றாமல், யாரையும் திருத்தாமல் சும்மா இருந்த முதல் பதினைந்து நிமிடம் அதுதான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்குப் போனதும் மாலானிடம் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகூட யோசித்துவைத்தேன்.

விடுதி நிறுத்தம் வந்தது. மூன்று பேரும் இறங்கினார்கள். வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது, காற்றும். ரன்வா வெறுந்தலையோடு நடந்தாள்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. கால் தானாக எழுந்துவிட்டது. மூடிக்கொண்டிருந்த பஸ் கதவுக்குள் கையை விட்டு நிறுத்தி, பாதி உடம்பை வெளியே நீட்டி, மலையில் ஆடு கூப்பிடுகிற குரலில் கத்தினேன்.

"ரன்வா! தொப்பியப் போடு!"

தெருவே நின்றுவிட்டது. ஒரு நாய் உட்கார்ந்தது. ரன்வா திரும்பினாள். மழையில் அவள் முகம் மெல்ல மெல்லச் சிவப்பதை இருபது அடி தூரத்திலிருந்து பார்த்தேன்.

"அம்மா! வீட்டுக்குப் போ!" என்று அதே குரலில் கத்தினாள். குரலில் என் மகள்தான், சந்தேகமில்லை.

கதவு மூடிக்கொண்டது. பஸ் நகர்ந்தபோது அந்த இரண்டு பெண்களும் அவளைப் பிடித்து உலுக்கி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, இரண்டு குதிரைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தன. யாரைப் பற்றி என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

இருக்கைக்குத் திரும்பினேன். ஹானுஸ் செய்தித்தாளை மடித்து உரியவரிடம் கொடுத்தான்.

"நல்லவேளை, என்னைத் தடுக்க நீ வந்தே" என்றான்.

அதை அவன் கப்பலில் நான்கு தடவை சொன்னான், படுத்த படுக்கையாகவே. ஊருக்கு வந்து மாலானிடம் சொன்னான். மாலான் தொழிற்சாலை முழுக்கச் சொன்னாள். இப்போதெல்லாம் நான் மீன் வாங்கப் போனால் உள்ளேயிருந்து யாராவது தொப்பி, தொப்பி என்று குரல் கொடுக்கிறார்கள். டயரைக் கிளாக்ஸ்விக்கில்தான் வாங்கினோம், கூடுதல் விலைக்கு.

ரன்வா இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. கட்டைவிரல்கூட வரவில்லை. பிறகு, இறைச்சி தீர்ந்துவிட்டது, வியாழக்கிழமைக்காரர்கள் தின்றுவிட்டார்கள் என்று ஒரு வரி வந்தது. அடுத்த பெட்டியைக் கொண்டு வராதீர்கள், அனுப்புங்கள் என்று இன்னொரு வரி.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஹானுஸின் போன் அடித்தது. ரன்வா. எடுத்து, "சொல்லும்மா" என்றான். பதில் இல்லை. துணி உரசும் சத்தம், பாத்திரம் இடிக்கும் சத்தம், ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். பையில் இருந்த போன் தானாக எங்களை அழைத்திருக்கிறது. அவளுக்குத் தெரியாது.

ஹானுஸ் மறுபடி வாயைத் திறந்தான். நான் கையால் பொத்தினேன்.

போனை நடுவில், உருளைக்கிழங்குக் கிண்ணத்தில் சாய்த்துவைத்தோம். அந்தச் சமையலறையில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. யாரோ யாருடைய சீஸையோ தின்றுவிட்டார்கள். தான் தின்னவில்லை என்று அஸ்கர் சத்தியம் செய்தான். ஒரு பெண் சிரித்தாள். நடுவே ரன்வாவின் குரல். வேகமாக, கோபமாக, டேனிஷில் யாரையோ மேலும் கீழுமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பாதி வார்த்தை எங்களுக்கே பிடிபடவில்லை. எதிராளி ஏதோ சொன்னான், இவள் ஒரே வார்த்தை சொன்னாள், மொத்த அறையும் வெடித்துச் சிரித்தது.

"என்ன சொன்னா?" என்று கிசுகிசுத்தான் ஹானுஸ்.

"எனக்கென்ன தெரியும்? சும்மா இரு."

சாப்பாடு ஆறிப்போனது. இருபத்தைந்து நிமிடம் கேட்டோம். அஸ்கர் இல்லை என்று முடிவானது. ஆறாம் நம்பர் அறைக்காரன் மேல் சந்தேகம் திரும்பியது. ரன்வா ஏதோ ஆதாரம் காட்டப்போகிறேன் என்கிற மாதிரி எல்லோரையும் அடக்கினாள். அறை அமைதியானது. அவள் மூச்சை இழுத்தாள்.

தொடர்பு அறுந்துபோனது.

ஹானுஸ் போனைத் தட்டினான், குலுக்கினான், காதில் வைத்தான்.

"யாரு மார்யுன் தின்னது?"

"ஆறாம் நம்பரா இருக்கும்."

"அவனா இருக்காது. அவன் பேசவே இல்லையே. அந்தச் சிரிச்ச பொண்ணு."

"போன் பண்ணிக் கேளு."

"எப்படிக் கேக்கறது? ஒட்டுக்கேட்டோம்னு தெரிஞ்சுடும்."

கிறிஸ்துமஸுக்கு ரன்வா வந்து பன்னிரண்டு நாள் இருந்தாள். தூங்கினாள், சாப்பிட்டாள், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பற்றி ஒரு மணி நேரம் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். ஹானுஸ் எத்தனையோ வழியில் பேச்சைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து பார்த்தான். ஓர்ஹூஸில் சீஸ் நன்றாக இருக்குமா என்று கேட்டான். குளிர்ப்பெட்டியில் பூட்டு உண்டா என்று கேட்டான். அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். நல்லாத்தான் இருக்கார் என்று சொல்லிவிட்டேன்.

யார் தின்றார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.